முன்பணமும் மெய்ப்பிக்கும் பொறுப்பும்: திருத்தணிக் கோட்டமும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும்

திருத்தணி பற்றிய வரலாற்றெழுத்து பெரும்பாலும் 1960 ஏப்ரல் 1ஆம் நாளோடு, அதாவது சித்தூர் மாவட்டத்திலிருந்து அப்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்ததோடு, நின்றுவிடுகிறது. கடனுக்கு உழைப்பை ஈடாக்கியவருக்கு அந்த எல்லை மாற்றம் புதிய காப்பு எதையும் தரவில்லை. அரசமைப்பின் 23ஆம் உறுப்பு கட்டாய உழைப்பைத் தடைசெய்திருந்தது. 1933ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுத்தது. பெரியவர்களின் பிணைக்கடனையே அழிக்கும் விதி 1975 அக்டோபர் 25 முதல்தான் நடைமுறைக்கு வந்தது; மறு ஆண்டு அது கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டமாயிற்று.

இச்சட்டத்தின் 13ஆம் பிரிவு மாவட்டத்திலும் உட்கோட்டத்திலும் விழிப்புக் குழுக்களை வேண்டுகிறது. ஆகவே திருத்தணி வருவாய்க் கோட்டத்திற்கும் இக்கடமை உண்டு. எனினும் அதன் உயிர்நிலை 15ஆம் பிரிவே: பெற்றது பிணைக்கடன் அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரைச் சாரும். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் பிணைக்கப்பட்ட இருளர் குடும்பங்களிடம் முன்பணத்திற்கு எழுத்துச் சான்று எங்கிருந்து வரும்? குறைந்தபட்சக் கூலிக்கும் கீழான ஊதியத்தைக் கட்டாய உழைப்பு என்றது 1982ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கட்டாய உழைப்பு தெரிந்தால் அதன் பின்னே முன்பணம் இருப்பதாகவே கொள்ளவேண்டும் என்றது பந்துவா முக்தி மோர்ச்சா தீர்ப்பு.

இதற்கு மாறாக, 2016ஆம் ஆண்டின் மத்திய மறுவாழ்வுத் திட்டம் 1 முதல் 3 இலட்சம் ரூபாய் வரையான உதவியின் இறுதி வழங்கலை நீதிமன்ற முடிவோடு பிணைத்தது. தொழிலாளியின் தோளிலிருந்து சட்டம் இறக்கிய சுமை, நிருவாக விதியின் வழியே மீண்டும் அவர்மீதே ஏறியது.