அதிட்டமும் உரிமையும்

1938 ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை ஒரு பாய்க்கப்பல் சென்றடைந்தது. அது வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டது. 'அன்னபூரணி' என்னும் பெயர் கொண்டது. அமெரிக்கர் ஒருவர் அதனை விலைக்கு வாங்கிப் புதுப் பெயரும் இட்டிருந்தார். மாகடல்களைக் கடந்து அதனைச் செலுத்திச் சென்றவர்களுள் வல்வெட்டித்துறைத் தமிழரும் இருந்தனர். கப்பல் அந்நாட்டிலே தங்குவதற்குத் தடை எதுவும் இருக்கவில்லை. கப்பலைச் செலுத்தியவர் அங்கே குடியேறுவதற்கோ தடை இருந்தது. 1917 ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைப் பிரதேசமாக்கியது. 1924 ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை மேலும் இறுக்கியது. நம்மவர் கட்டிய மரக்கலம் ஏற்கத்தக்க பண்டமாயிற்று; நம்மவரோ ஏற்கத்தகாத மனிதராயினர்.

1816 இல் அமெரிக்க மிசன் பாதிரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, அவர்களை 'வருக' என்றோ 'வராதீர்' என்றோ சொல்லும் அதிகாரம் நம் முன்னோரிடம் இருக்கவில்லை. 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினறி தோன்றியது. மிசன் பள்ளிகள் ஊட்டிய ஆங்கிலக் கல்வி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் இளைஞரை மலாயாவுக்குக் கப்பலேற்றியது. புகையிரதப் பகுதிக்கும் நில அளவைப் பகுதிக்கும் எழுதுவினைஞர் வேண்டுமென்று பிரித்தானிய ஆட்சி தேடிற்று. துண்டு துண்டாய்ப் பிரிந்துபோன காணியை நம்பி வாழ இயலாத குடும்பங்கள் தம் பிள்ளைகளை அனுப்பின. அங்கிருந்து வந்த காசுக்கட்டளைகள் கல்வீடுகளாயின, சீதனமாயின, பள்ளிக் கட்டடங்களுமாயின. 'மலாயாப் பென்சன்காரர்' என்பது ஊர்தோறும் மதிப்புக்குரிய ஒரு பட்டமாயிற்று.

இதிலிருந்து நாம் ஓர் உண்மையை அறிகிறோம். குடாநாட்டு மனிதன் எங்கே செல்லலாம் என்பதைப் பெரும்பாலும் அவன் விருப்பம் தீர்மானிக்கவில்லை. பிறருடைய தேவையே தீர்மானித்தது. தேவை உள்ளபோது கதவு திறந்தது, தீர்ந்தபோது மூடியது. தாய்நாட்டிலும் கதவுகள் மூடின. 1956 இல் நிறைவேறிய தனிச் சிங்களச் சட்டம் அரசாங்க உத்தியோகத்தின் வாயிலைக் குறுக்கியது. 1970களின் தொடக்கத்திற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் பல்கலைக்கழக வாயிலைக் குறுக்கியது. 1983 இல் நிகழ்ந்த படுகொலைகளோ உயிர்வாழும் உரிமையையே ஐயத்துக்குரியதாக்கின. வயலையும் தோட்டத்தையும் விற்று வெளிநாடு செல்லும் காலம் அதன்பின் வந்தது.

இந்தக் காலத்திலேதான் அமெரிக்கா ஒரு புதுமையான கதவைத் திறந்தது. 1952 ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கை போன்ற ஆசிய நாடொன்றுக்கு ஆண்டுக்கு நூறு பேர் என்று அளந்து வைத்திருந்தது. குடியுரிமை இயக்கத்தின் எழுச்சிக் காலத்தில், 1965 இல், நாட்டினப் பங்கீடு ஒழிக்கப்பட்டது. அதன்பின் உறவினர் உள்ளவருக்கும் தொழிற்றகைமை உள்ளவருக்குமே முதலிடம் கிடைத்தது. அயர்லாந்து முதலிய ஐரோப்பிய நாட்டினர் இதனாற் பின்தள்ளப்பட்டனர் என்ற குரல் அமெரிக்கக் காங்கிரசில் எழுந்தது. 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்ற 'பல்வகைமை விசா' அக்குரலின் விளைவு. இடைக்காலத்துக்கென முதலில் வகுத்த மூன்றாண்டுத் திட்டத்தில் நாற்பது வீதம் அயர்லாந்தவருக்கே ஒதுக்கப்பட்டது. நிலையான குலுக்கலுக்கு முதற்பதிவு 1994 இல் நடந்தது. அயர்லாந்தவரை எண்ணித் திறந்த கதவின் முன்னே யாழ்ப்பாணத்து இளைஞனும் வந்து நின்றான்! இந்தியாவிலிருந்து ஏற்கெனவே பெருந்தொகையினர் குடியேறியிருந்தமையால் அங்கே பிறந்தவர் விலக்கப்பட்டனர். இலங்கையிற் பிறந்தவர் விண்ணப்பிக்க முடிந்தது. பாக்கு நீரிணைக்கு அக்கரையிற் பிறந்த தமிழனுக்கு இல்லாத வாய்ப்பு, இக்கரையிற் பிறந்தவனுக்குக் கிடைத்தது.

அன்றைய விதி எளிமையானது. ஒரு தாளிற் பெயர், பிறப்பு விபரம், முகவரி ஆகியவற்றை எழுதிப் புகைப்படத்துடன் அஞ்சலில் அனுப்ப வேண்டும். தெரிவானால் அம்முகவரிக்குக் கடிதம் வரும். ஆனால் எந்த முகவரியை எழுதுவது? பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை மக்கள் 1990 முதல் வீடிழந்து அலைந்தனர். குடாநாட்டில் மின்சாரமும் இல்லை. அஞ்சலும் காலத்தில் வந்ததில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. அதிட்டம் தேடி வந்தாலும், கதவைத் தட்டுவதற்கு வீடு இருக்கவில்லை. 2003 முதல் விண்ணப்பம் கணினி வழியாயிற்று. அது போர்நிறுத்தம் நிலவிய காலம், கண்டிவீதி திறந்திருந்தது. கட்டணமின்றி நிரப்பத்தக்க படிவத்தை நிரப்பிக் கொடுப்பதற்கே காசு கேட்ட இடைத்தரகர்களும் பெருகினர்.

இக்குலுக்கலில் ஒரு சனநாயகத் தன்மை உண்டென்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதற்கு வெளிநாட்டு மாமன் தேவையில்லை. முகவருக்குக் கொடுக்கக் காணி விற்ற காசும் தேவையில்லை. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக் கல்வியோ, அதற்கு நிகரான தொழிற்பயிற்சி அனுபவமோ போதும். காணியற்ற கூலித் தொழிலாளியின் மகளும் காணிக்காரரின் மகனும் ஒரே பெட்டியிற் சீட்டிட்டனர். ஆனால் சீட்டு விழுந்த மறுகணமே வர்க்கம் தன் முகத்தைக் காட்டிற்று. ஆளொருவருக்கு 330 டொலர் கட்டணம், கொழும்பிலே மருத்துவச் சோதனையும் நேர்முகமும், விமானச் சீட்டு, அரசுக்குப் பாரமாக மாட்டோம் என்பதற்குச் சான்று. சீட்டு எல்லோருக்கும் பொது. பயணமோ பொருளுள்ளவருக்கே எளிது.

அதிட்டந்தானும் உறுதியானதா? 2011 மே மாதத்தில் ஏறத்தாழ 22,000 பேர் தெரிவாகியதாக அறிவிக்கப்பட்டனர். கணினித் தவறென்று கூறிச் சில நாட்களுள் அம்முடிவு இரத்தாயிற்று. முதலிரு நாட்களில் விண்ணப்பித்தவரையே அக்கணினி பெரும்பாலும் பொறுக்கியிருந்தது. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றைக் காரணங்காட்டி ஜனாதிபதி ஆணையொன்று புதிய குடிவரவை நிறுத்தியது. தெரிவாகியிருந்தோர் பலர் ஆண்டு முடிவதற்குள் விசாப் பெறாது வாய்ப்பிழந்தனர். கொடுப்பவன் கையிலுள்ளது கொடை. கேட்டு வாதாடிப் பெறத்தக்கதே உரிமை.

ஆயினும், அக்கூலித் தொழிலாளியின் மகள் அச்சீட்டை நிரப்ப முடிந்தது எதனால்? அந்தப் பன்னிரண்டு ஆண்டுக் கல்வி யார் கொடுத்த அதிட்டம்? 1920களின் இறுதியில், பள்ளியில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் மற்றையோருடன் சரியாசனத்தில் அமர வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோது யாழ்ப்பாணத்தில் எத்தனை எதிர்ப்பு எழுந்தது! ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் கட்டியெழுப்பிய வாலிபர் காங்கிரஸ் சாதிக் கொடுமைக்கு எதிராகக் குரல் கொடுத்தது. 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. இவை எவையும் குலுக்கலில் விழுந்தவையல்ல. மனிதர் நின்று போராடிப் பெற்றவை.

புறப்பட்டுச் செல்பவரை நாம் குறைகூறோம். பிழைப்பையும் பாதுகாப்பையும் தேடிச் செல்வது மனித இயல்பு. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் சீட்டிட, ஏறத்தாழ 50,000 பேருக்கே இடம் கிடைத்த குலுக்கல் அது. சீட்டு விழாதவரே எந்த ஊரிலும் பெரும்பான்மையினர். அவர்களே நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். ஆசிரியர்களே, மாணவர்களே, அவர்களுக்கு இந்த மண்ணிலே தொழிலும் நீதியும் அச்சமற்ற வாழ்வும் கிடைக்கவேண்டும். அதற்கு எந்த நாட்டிலும் விண்ணப்பப் படிவம் இல்லை. சரியாசனம் வந்த வழியாலேதான் அதுவும் வரவேண்டும்.