கொங்கிறீற்றில் மணலுக்கு மாற்றாகும் தொழிற்சாலைக் கழிவுகள்

கொங்கிறீற்றில் சல்லிக்கற்களுக்கு இடையேயுள்ள வெளியை நிரப்பி, சீமெந்துப் பசையோடு சேர்ந்து கலவையை இறுக வைப்பது மணல். சீமெந்து நீரோடு வினைபுரிந்து கெட்டியாகும்போது மணல் பெரும்பாலும் மாறாமலே இருக்கிறது. 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் விழும் துணிக்கைகளாக இருத்தல், பருமனும் நுண்மையும் முறையாகக் கலந்திருத்தல், கடினம், தூய்மை ஆகியவையே அதனிடம் எதிர்பார்க்கப்படுபவை. இக்குணங்கள் உள்ள வேறு பொருள்களும் அதன் வேலையைச் செய்யும். உலோகம் உருக்கும் ஆலைகளின் கசடு, அனல் மின்நிலையங்களின் அடிச்சாம்பல், கல்லுடைக்கும் ஆலைகளின் தூள், வார்ப்பாலைகள் கழிக்கும் மணல் ஆகியன அவ்வாறு பயன்படுத்தப்படுகின்றன.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,000 கோடி தொன் மணலும் சரளையும் எடுக்கப்படுவதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் கணித்துள்ளது. ஆறுகளும் கரைகளும் இந்த வேகத்தில் மணலைத் திரும்பச் சேர்ப்பதில்லை. யாழ்ப்பாணத் தீவுகளில் இந்த இழப்பு நேரடியாகக் குடிநீரைத் தொடுகிறது. நாரந்தனை, ஊர்காவற்றுறை, வேலணை, மண்கும்பான் ஆகிய ஊர்கள் அமைந்த வேலணைத்தீவில் ஆறு இல்லை. மாரிமழை மணலிலும் சுண்ணாம்புக்கல்லிலும் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. மண்கும்பான், சாட்டிப் பக்கத்து மணற்பரப்புகள் இந்த நீரைப் பிடித்து வைப்பவை. அங்கே வெட்டப்படும் ஒவ்வொரு கியூப் மணலும், அதாவது 100 கன அடியும், கிணறுகளின் நன்னீர்க் கொள்ளளவிலிருந்து கழிவதாகும். கட்டட வேலைக்கு மாற்று மணல் தேடுவது இத்தீவுகளில் செலவுக் கணக்கை விடப் பெரிய விடயம்.

மாற்றுப் பொருள்களில் மிக விரிவாக ஆராயப்பட்டது செம்புக் கசடு. செம்புத் தாதை உருக்கும்போது இரும்பும் சிலிக்காவும் சேர்ந்து மேலே மிதக்கும் உருகிய கழிவு, நீரில் விழுந்து குளிர்ந்து கரிய கண்ணாடித் துணிக்கைகளாகிறது. ஒரு தொன் செம்புக்கு இரண்டு தொன்னுக்கு மேல் கசடு சேரும். இதன் ஒப்படர்த்தி பொதுவாக 3.5 அளவில் இருக்கும்; மணலினது 2.6 அளவு. துணிக்கைகள் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் அளவாகச் சேர்த்த கலவை இலகுவில் பரவும், வலிமையும் பெரும்பாலும் குறையாது. அளவு மிகுந்தால் துணிக்கைகள் கனத்தால் கீழிறங்கி, நீர் மேலே கசிந்து, மேற்பரப்பு பலவீனமாகும். 2016இல் திருத்தப்பட்ட இந்திய நியமம் ஐ.எஸ். 383, மணலுக்குப் பதிலாகச் செம்புக் கசட்டைக் கம்பியில்லாத கொங்கிறீற்றில் 40 வீதம் வரையும், கம்பியிட்ட கொங்கிறீற்றில் 35 வீதம் வரையும், வலிமை குறைந்த நிரப்புக் கொங்கிறீற்றில் 50 வீதம் வரையும் அனுமதிக்கிறது. கனம் கூடிய கொங்கிறீற்று அலை தடுக்கும் சுவருக்கும் கரைக்கட்டுக்கும் உதவும் என்பதால் கரையோர ஊர்களுக்கு இது கூடுதல் பயன். சிங்கப்பூரில், கப்பல்களின் உடலில் துரு நீக்க வீசியடிக்கப்பட்ட கசடு கழுவிச் சுத்தம் செய்யப்பட்டுக் கொங்கிறீற்றுக்குப் போகிறது. 2007இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்தது சிங்கப்பூரை இத்தகைய வழிகளை மேலும் தேட வைத்தது.

தீவுகளுக்கு மிக அருகிலிருந்த பெரிய செம்புக் கசட்டு மூலம் மன்னார் வளைகுடாவின் மறுகரையில், தூத்துக்குடியில் இருந்தது. ஆண்டுக்கு 4 இலட்சம் தொன் செம்பு எடுக்கும் திறன் கொண்ட அந்த ஸ்டெர்லைட் ஆலை, மக்களின் நீண்ட எதிர்ப்பையும், 13 பேரின் உயிரைப் பறித்த பொலிஸ் துப்பாக்கிச் சூட்டையும் அடுத்து, 2018 மே 28 அன்று அரசாணையால் மூடப்பட்டது. அதற்கு முந்திய மாதம் ஆலையின் இயக்க இசைவைப் புதுப்பிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மறுத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, உப்பாற்றின் கரையில் கொட்டிய கசட்டை அகற்றவில்லை என்பது. கொங்கிறீற்றுக்குள் சிறைப்பட்ட கசட்டிலிருந்து ஈயமும் ஆசனிக்கும் மிகச் சிறிதளவே வெளியேறும். அதே கசடு திறந்த வெளியில் ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடந்தால் நிலைமை வேறு. மழைநீர் விரைந்து ஊறும் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அப்படி ஒரு குவியல் இருக்கவே கூடாது. இறக்கும் இடத்துக்குக் கொங்கிறீற்றுத் தளமும் கூரையும் வேண்டும்; நீரில் கரைந்து வெளியேறும் உலோகங்களின் அளவை முன்கூட்டியே ஆய்வுகூடத்தில் அறிந்திருக்கவும் வேண்டும்.

இலங்கைக்குள் மாற்று மணலுக்குக் கிடைக்கும் பெரிய மூலம் புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை. 2011இல் தொடங்கி 2014இல் 900 மெகாவாற்றாக நிறைவடைந்த லக்விஜய நிலக்கரி மின்நிலையத்தில் இருவகைச் சாம்பல் கிடைக்கிறது. புகையோடு மேலேறிப் பிடிக்கப்படும் நுண்சாம்பல் சீமெந்துக்குத் துணையாகப் போகிறது. கொதிகலனின் அடியில் விழும் கரடுமுரடான அடிச்சாம்பலே மணலின் பருமனுக்குக் கிட்ட வருவது. இது இலேசானது, நுண்துளை நிறைந்தது, நீரை மிகுதியாகக் குடிப்பது. எனவே கலவைக்கு முன் நனைத்து வைக்க வேண்டும். எரியாத கரி கலந்திருந்தால் வலிமை குறையும். சாம்பல் கடல்நீரால் குளிர்விக்கப்பட்டிருந்தால் உப்பும் ஏறியிருக்கும். சீமெந்துக்கல் அரிவதற்கும் நிரப்பு வேலைக்கும் இது ஏற்றது. தூண், வளை, தட்டு போன்ற கம்பி வேலைக்கு அன்று. நுரைச்சோலையிலிருந்து தீவுகளுக்குத் தரைவழி 300 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம் என்பதால், ஏற்றிவரும் கூலியே பயனை முடிவு செய்யும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கருங்கல் வன்னியிலிருந்தே வருகிறது. கல்லுடைக்கும் ஆலைகளின் தூளும் சல்லியோடு அதே டிப்பர்களில் வர முடியும் என்பதால், நடைமுறையில் முதலில் நினைக்க வேண்டியது இதுவே. கழுவிச் சலித்த தூள் மணலுக்குப் பதிலாகப் பெருமளவில் நிற்கும். கழுவாத தூளில் 75 மைக்ரோனுக்குக் குறைந்த பொடி மிகுந்து, கலவை கூடுதல் நீர் கேட்கும். ஐ.எஸ். 383 இயற்கை மணலில் அத்தகைய பொடியை 3 வீதத்துக்குள்ளும், உடைகல் மணலில் 15 வீதத்துக்குள்ளும் நிறுத்துகிறது.

பிற கழிவுகளின் இடம் குறுகியது. உருக்குக் கசட்டில் சுண்ணாம்பு தனித்திருந்தால் அது பின்னர் வீங்கி வெடிப்பு உண்டாக்கும். கம்பியிட்ட கொங்கிறீற்றில் அதை இந்திய நியமம் அனுமதிப்பதில்லை. கோயம்புத்தூர் போன்ற வார்ப்பாலை நகரங்களின் கழிவு மணலில் களியும் கரித்தூளும் ஒட்டியிருக்கும். நொறுக்கிய போத்தல் கண்ணாடி சீமெந்தின் காரத்தோடு வினைபுரிந்து காலப்போக்கில் கொங்கிறீற்றை வெடிக்கச் செய்யக்கூடும். போரில் சிதைந்த வீடுகளின் இடிபாடு தீவுகளில் உண்டு. ஆனால் பழைய வீடுகள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. அவற்றின் நொறுங்கல் நில நிரப்புக்கும் அத்திவாரத்தின் அடித்தளத்துக்கும் மட்டுமே பொருந்தும்.

எந்த மாற்றுப் பொருளுக்கும் தீவில் முதற்சோதனை உப்பு. கடற்காற்றே கம்பியை அரிக்கும் இடத்தில், கலவையின் உள்ளிருந்தும் குளோரைட்டு சேர்ந்தால் கொங்கிறீற்றுக் கவசம் விரைவில் பிளக்கும். இரண்டாவது, அளவிடும் முறை. கசட்டை மணலின் எடைக்கு எடை போட்டால் கொள்ளளவு குறைந்து கலவையின் விகிதமே மாறும். அடிச்சாம்பலில் நேர்மாறாக நடக்கும். கொள்ளளவுக்குக் கொள்ளளவு மாற்றி, முதலில் 10 அல்லது 20 வீதத்தில் மாதிரிக் கற்கள் அரிந்து, நீரூற்றிப் பதப்படுத்தி, 7 நாளிலும் 28 நாளிலும் நசுக்கிப் பார்த்த பின்பே வீதத்தைக் கூட்டுவது முறை. வெவ்வேறு தடவை வரும் கழிவு ஒரே தன்மையாக இருக்காது. ஆகவே ஒவ்வொரு வரவுக்கும் இச்சோதனை திரும்பச் செய்யப்படுகிறது.