கிரீட்மூர் தரும் பாடம்

தொலைதூர இலக்கைச் சுடப் பழக விரும்புவோர் முதலில் கேட்பது, ‘கையிலுள்ள துப்பாக்கி போதுமா, புதியது வேண்டுமா?’ என்பதே. இக்கேள்விக்கு விடைதரும் ஒரு வரலாற்று நிகழ்ச்சியை இன்று நாம் காண்போம்.

1873-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விம்பிள்டனில் எல்க்கோ கேடயத்தை வென்ற அயர்லாந்து அணியினர், அமெரிக்கரைப் போட்டிக்கு அழைத்தனர். 1874 செப்டம்பர் 26-ஆம் நாள், நியூயார்க்கை அடுத்த கிரீட்மூர் திடலில் இரு அணிகளும் சந்தித்தன. அணிக்கு அறுவர், 800, 900, 1000 கெஜத் தொலைவுகள் ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 15 குண்டுகள், இலக்கின் மையத்தில் பட்டால் 4 புள்ளிகள்.

அமெரிக்கர் பயன்படுத்தியவை, பின்புறத்தில் தோட்டா இடும் புதுவகை ரெமிங்டன், ஷார்ப்ஸ் துப்பாக்கிகள். அயர்லாந்தினரோ, குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் பழைய வகை ரிக்பி துப்பாக்கிகளையே நம்பினர். ஆயினும் அவர்கள் சளைக்கவில்லை. ஆனால், மில்னர் என்ற அயர்லாந்து வீரரின் குண்டு ஒன்று தவறான இலக்கின் மையத்தில் பட்டது. அதற்குப் புள்ளி வழங்கப்படவில்லை.

கடைசிக் குண்டைச் சுட வந்தவர் அமெரிக்கரான கர்னல் ஜான் போடின். அப்போது அயர்லாந்து 931, அமெரிக்கா 930. சற்று முன்னர் புட்டி உடைந்து கிழித்த கையோடு அவர் சுட்டார். 4 புள்ளிகள் கிடைத்தன.

அமெரிக்கா வென்றது 3 புள்ளிகளில். மில்னர் இழந்ததோ 4 புள்ளிகள்! எனவே, புதிய துப்பாக்கியைத் தேடுமுன், கையிலுள்ளதை நன்கு பழகிக்கொள்வோம். விசையை அழுத்துமுன், நம் இலக்கு எதுவென்று மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.