பாதையில் புதைந்திருக்கும் தொல்லை: கண்ணிவெடிகளுக்குத் தடை கேட்ட மக்கள் இயக்கம்

பாதையில் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒரு மனிதரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்தான் என்ற செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. மக்கள் நடக்கும் வழியிலிருந்து தொல்லை தருவதை நீக்குவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாகவே நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நம் காலத்துப் பாதைகளில் கிடக்கும் முட்களில் மிகக் கொடியது கண்ணிவெடி. அதை அகற்றும் பணியை அரசுகளுக்கு முன்பாகத் தொடங்கியவர்கள் பொதுமக்களே.

கண்ணிவெடியின் கொடுமை

துப்பாக்கியை ஒருவர் குறிபார்த்துச் சுட வேண்டும். கண்ணிவெடிக்கு அது தேவையில்லை. மிதிப்பவரின் எடையே அதை வெடிக்கச் செய்கிறது. சில கிலோ அழுத்தம் போதும் என்பதால் ஒரு குழந்தையின் காலடியும் அதற்குப் போதுமானது. போர் முடிந்து சமாதானம் வந்த பிறகும் அது பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் காத்திருக்கும். 2023ஆம் ஆண்டில் கண்ணிவெடிகளாலும் போரின் வெடிக்காத மிச்சங்களாலும் கொல்லப்பட்டோரும் காயமடைந்தோருமாக 5,757 பேர் பதிவாகினர். யாரென்று அறியப்பட்டவர்களில் 84 சதவீதம் பேர் பொதுமக்கள்.

போர்க்களத்திலும் பெண்களையும் சிறுவர்களையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வீரன் யார், விறகு பொறுக்கும் பெண் யார் என்று பிரித்தறிய முடியாத ஓர் ஆயுதம் இந்த வரம்பை எப்படிப் பேணும்?

ஆறு அமைப்புகளின் தொடக்கம்

போர் நடந்த நாடுகளில் செயற்கைக் கால் பொருத்தியவர்கள், வெடிகளைத் தோண்டி எடுத்தவர்கள், மனித உரிமைகளுக்காக உழைத்தவர்கள், மருத்துவர்கள், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் ஆகியோரின் ஆறு அமைப்புகள் 1992 அக்டோபரில் ஒன்றுசேர்ந்தன. அப்படித்தான் 'கண்ணிவெடித் தடைக்கான சர்வதேச இயக்கம்' உருவானது. அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸ்.

எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு என்ற முறையில் ஐ.நா. மன்றத்தில் நடந்த பேச்சுகள் 1996இல் முழுத் தடையைத் தராமலேயே முடிந்தன. அதே ஆண்டு அக்டோபரில், கனடாவின் வெளியுறவு அமைச்சர் லாய்ட் ஆக்ஸ்வொர்தி ஓட்டாவா மாநாட்டில் ஓர் அழைப்பு விடுத்தார்: விருப்பமுள்ள நாடுகள் ஓராண்டுக்குள் திரும்பி வந்து தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடட்டும். 1997 செப்டம்பரில் ஆஸ்லோவில் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. டிசம்பரில் ஓட்டாவாவில் 122 நாடுகள் கையெழுத்திட்டன. 1999 மார்ச் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

1997ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு இந்த இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸுக்கும் வழங்கப்பட்டது. இயக்கத்தின் சார்பில் அதைப் பெற்றுக்கொண்டவர், கண்ணிவெடியில் இரு கால்களையும் இழந்த கம்போடியாவின் துன் சன்னரெத்.

விளைந்த பலன்

ஒப்பந்தத்தில் சேரும் நாடு தன் கையிருப்பை நான்கு ஆண்டுகளில் அழிக்க வேண்டும். நிலத்தில் உள்ளவற்றைப் பத்தாண்டுகளில் அகற்ற வேண்டும். தேவைப்பட்டால் கால நீட்டிப்புக் கோரலாம். இதுவரை 5.5 கோடிக்கும் அதிகமான கண்ணிவெடிகள் கையிருப்பிலிருந்து அழிக்கப்பட்டுள்ளன. சொன்னபடி நாடுகள் நடக்கின்றனவா என்று கண்காணித்து, 1999 முதல் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுவதும் இதே மக்கள் இயக்கம்தான்.

முஸ்லிம் நாடுகளில் வங்கதேசம், மலேசியா, ஜோர்தான், அல்ஜீரியா, ஆப்கானிஸ்தான் முதலியவை இணைந்தன. அறியப்பட்ட கண்ணிவெடி வயல்கள் அனைத்தையும் அகற்றிவிட்டதாக ஜோர்தான் 2012இல் அறிவித்தது. ஆனால் பாகிஸ்தான், ஈரான், சவூதி அரேபியா, எகிப்து ஆகியவை இன்னும் வெளியே நிற்கின்றன. இந்தியா, அமெரிக்கா, ரஷ்யா, சீனாவும் அப்படியே.

இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. போரால் இடம்பெயர்ந்த தமிழர்களும், 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் ஊர் திரும்ப நினைத்தபோது, வயலிலும் கிணற்றடியிலும் கால் வைக்கலாமா என்ற கேள்வி அவர்கள் முன் நின்றது. அந்த மண்ணை அங்குலம் அங்குலமாகச் சோதித்து வெடிகளை எடுப்போரில் அதே பகுதிப் பெண்கள் ஏராளம்.

இன்றைய ஆபத்து

2025இல் எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவெடுத்தன. ரஷ்யாவின் அச்சுறுத்தல் அவை கூறும் காரணம். அந்த அச்சம் பொய்யல்ல. ஆயினும் இன்று எல்லையைக் காக்கப் புதைக்கும் வெடி, நாளை அதே நாட்டு விவசாயியின் காலைப் பறிக்கும். அது புதைத்தவரையும் அறியாது, போர் முடிந்ததையும் அறியாது.

அரசு இட்ட கையெழுத்தை அரசே திரும்பப் பெறலாம் என்பதை இது காட்டுகிறது. மக்கள் கேட்டதால் வந்த தடை, மக்கள் தொடர்ந்து கேட்டால்தான் நிற்கும். ஆயுதக் குறைப்பு வல்லரசுகளின் வேலை, நமக்கென்ன என்று ஒதுங்கிவிட வேண்டாம். முள்ளை அகற்றிய அந்த மனிதர் ஆட்சியாளர் அல்லர். அவ்வழியே நடந்து சென்றவர். வெளியே நிற்கும் முஸ்லிம் நாடுகளிடமும் நம் நாட்டு அரசிடமும், ஏன் இன்னும் இணையவில்லை என்று கேட்பது நம் உரிமை. கால் இழந்தோருக்கும் வெடி அகற்றுவோருக்கும் உதவுவது சிறந்த தர்மம். முட்கிளையின் ஹதீஸைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, மண்ணுக்குள் புதைந்திருக்கும் இந்த முள்ளைப் பற்றியும் சேர்த்துச் சொல்வோம்.

மக்கள் அச்சமின்றி நடக்கும் பாதைகளை வல்ல அல்லாஹ் எல்லா நாடுகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.