மறப்பதற்கும் ஒரு சட்டம்

அவதூறு வழக்கில் உண்மையே கேடயம் என்பது பத்திரிகைத் தொழிலுக்கு வருபவர் முதலில் கற்கும் பாடங்களுள் ஒன்று. அக்கேடயத்தையே ஓரிடத்தில் பறித்த சட்டமொன்று உண்டு. பிரித்தானியப் பாராளுமன்றம் 1974 இல் நிறைவேற்றிய குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டமே அது.

இதற்கு வித்திட்டது, முன்னாள் லோர்ட் சான்சலர் கார்டினர் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு 1972 இல் வெளியிட்ட அறிக்கையாகும். தண்டனை முடிந்து, நேர்மையாகப் பல்லாண்டுகள் வாழ்ந்தவரைப் பழைய குற்றம் ஆயுள் முழுவதும் துரத்தலாமா என்பதே அக்குழு எழுப்பிய வினா.

1975 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்படி, அபராதம் பெற்றவர் 5 ஆண்டுகளும், ஆறு மாதத்துக்கு மேல் முப்பது மாதம் வரை சிறைத்தண்டனை பெற்றவர் 10 ஆண்டுகளும் குற்றமின்றி வாழ்ந்தால் அத்தண்டனை அன்று காலங்கடந்ததாகக் கருதப்பட்டது. பொலிஸ் பதிவேட்டிலிருந்து அது அழிவதில்லை. ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கையில் அதனை மறைக்கலாம். தீய நோக்குடன் அதனைப் பிரசுரிக்கும் பத்திரிகைக்கு, அது உண்மை என்ற வாதம் கைகொடாது.

எனினும் இது முழுமையான மன்னிப்பன்று. முப்பது மாதத்துக்கு மேற்பட்ட தண்டனை என்றுமே மறக்கப்படவில்லை. ஆசிரியர், மருத்துவர், சட்டத்தரணி போன்ற தொழில்களுக்கு 1975 இலேயே விலக்களிக்கப்பட்டது. அந்த முப்பது மாத எல்லை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அசையவில்லை.

2012 இல் இயற்றப்பட்ட சட்டமொன்றே அதனை அசைத்தது. அதன் 139 ஆம் பிரிவு, எல்லையை நான்கு ஆண்டுகளாக உயர்த்திக் காத்திருப்புக் காலத்தையும் குறைத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 மார்ச்சில் இது அமுலுக்கு வந்தது. 2023 ஒக்டோபரில், கடும் வன்முறை, பாலியல், பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாக, நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தண்டனைகளுக்கும் கதவு திறக்கப்பட்டது.

புலம்பெயர்ந்த நம்மவர் கவனிக்கவேண்டியது 2012 சட்டத்தின் அடுத்த பிரிவையே. குடிவரவு, பிரஜாவுரிமை தொடர்பான தீர்மானங்களுக்கு இந்த மறதி பொருந்தாது என்கிறது 140 ஆம் பிரிவு. முதலாளி கேட்கக்கூடாத பழங்கதையை, பிரஜாவுரிமை கோருபவரிடம் அரசு கேட்கலாம். ஒரே குற்றம், ஒரே தண்டனை. பிரஜைக்கு அது முடிந்துபோன கதை. குடியேறியவருக்கோ முடியாத கதை.

தண்டனைக்கு ஒரு முடிவு வேண்டும் என்று ஏற்றுக்கொண்ட சட்டம், அம்முடிவு யாருக்கு உரியது என்பதில் இன்னும் பாகுபாடு காட்டுகிறது. அடுத்த சீர்திருத்தம் தொடங்கவேண்டிய இடம் அதுவே.