வாய்ஸ் மெயில் கோளாறுகள்

எடுக்கப்படாத அழைப்பைத் தொலைபேசி நிறுவனத்தின் கணினிக்குத் திருப்பி, அழைத்தவர் பேசுவதைப் பதிந்துவைக்கும் சேவை வாய்ஸ் மெயில். கைபேசியில் இதன் கோளாறுகள் பெரும்பாலும் அழைப்புத் திருப்பத்திலேயே தொடங்குகின்றன. ஜி.எஸ்.எம். வலையமைப்பில் *#61# அழுத்தினால், பதிலில்லாத அழைப்பு எந்த எண்ணுக்குப் போகிறது என்று திரையில் தெரியும். அந்த எண் தவறானால் செய்தி பதிவாகாது. எடுப்பதற்குள் அழைப்பு கைநழுவினால், காத்திருப்பு நேரத்தை 30 நொடி வரை கூட்டலாம். ##002# எல்லாத் திருப்பங்களையும் நீக்கிவிடும் என்பதால் அதைக் கடைசியாகவே கையாள வேண்டும்.

செய்தியைக் கேட்ட பின்னும் அறிவிப்புக் குறி மறையாதிருப்பது பலரை அலைக்கழிக்கும் தொல்லை. குறியை அணைக்கும் சமிக்ஞை கைபேசிக்கு வந்து சேராதது இதற்கு முக்கியக் காரணம். வேறு தொலைபேசியிலிருந்து புதுச் செய்தி பதிந்து, கேட்டு, அழித்தால் குறி பெரும்பாலும் மறையும். செய்திகள் சேரும் பெட்டி நிரம்பியிருந்தால் பழைய செய்திகளை அழிக்க வேண்டும்.