கத்தரிக்கோலும் மருத்துவச்சியின் கையும்

பிரசவத்தில் குழந்தையின் தலை வெளிவரும் தறுவாயில், பிறப்புவாய்க்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட சதையைக் கத்தரித்து வழியை அகலமாக்கி, குழந்தை பிறந்தபின் தையல் போடுவதற்கு எபிசியோட்டமி என்று பெயர். டப்ளின் நகர மருத்துவர் ஃபீல்டிங் ஓல்டு 1742இல் வெளியிட்ட மகப்பேற்று நூலில் இதை விவரித்தபோது, தலை வெளியேற வழியின்றித் தங்கிவிடும் கடினமான பேறுகளுக்கு உரிய உபாயமாகவே கூறினார். நெருக்கடிக்கென்று சொல்லப்பட்ட இச்செயல் 20ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டுப் பிரசவ அறைகளின் அன்றாட வழக்கமாகிப் பெருகியது. அவ்வழக்கம் தேவைதானா என்று கேட்டு விடைகண்டதில் மருத்துவச்சிகளின் பங்கு பெரிது.

1918இல் அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் பொமராய், தலைச்சன் பேறு ஒவ்வொன்றிலும் கத்தரிக்கலாமா என்ற கேள்வியையே கட்டுரைத் தலைப்பாக வைத்தார். 1920இல் சிகாகோவின் ஜோசப் டிலீ, தாயை மயக்கத்தில் ஆழ்த்தி, சதையைக் கத்தரித்து, ஃபோர்செப்ஸ் என்னும் இடுக்கியால், அதாவது தமிழ்நாட்டில் 'ஆயுதம் போட்டு எடுப்பது' என்று சொல்லப்படும் முறையில், குழந்தையை வெளியே எடுப்பதையே முன்தடுப்பு முறையாகப் பரிந்துரைத்தார். தானாகக் கிழியும் சதையைவிட நேராக வெட்டிய சதை எளிதில் ஆறும், இடுப்புத் தசைகள் பின்னாளில் தளர்ந்து கருப்பை இறங்காது, குழந்தையின் தலை நசுங்காது என்பன சொல்லப்பட்ட காரணங்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றிய இவற்றுள் எதுவும் சோதித்து அறியப்பட்டதன்று. ஆயினும் பிரசவம் வீட்டைவிட்டு மருத்துவமனைக்கு நகர நகர வழக்கமும் கூடவே பரவியது. பிரிட்டனில் 1967இல் மருத்துவச்சிகளே கத்தரிப்பதற்கு அனுமதி கிடைத்தது. தலை தெரியும்போது தாயை முக்கவேண்டாமென்று தடுத்து, வாயால் மூச்சுவிடச் சொல்லி, விரல்களால் தலையின் வேகத்தைத் தணித்துச் சதை மெல்ல விரியக் காத்திருப்பதையே தொழில்திறனாகக் கொண்டிருந்தவர்களின் கையில் அன்று கத்தரிக்கோலும் சேர்ந்தது.

சான்றின்றித் தொடர்ந்த வழக்கம் இது ஒன்றே அன்று. பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கு அடிமயிரை மழிப்பதும் எனிமா கொடுப்பதும் கட்டாயச் சடங்குபோல நடந்துவந்தன. மழிப்பதால் நன்மையில்லை என்று 1922இலேயே ஓர் அமெரிக்க ஒப்பாய்வு காட்டியிருந்தும் எவரும் பொருட்படுத்தவில்லை என்பது வருந்தத்தக்கது. இங்கிலாந்தில் ஆய்வாளர் மோனா ராம்னி 1980, 1981ஆம் ஆண்டுகளில் இவ்விரண்டையும் மீண்டும் ஆராய்ந்து, தேவையற்றவை என நிறுவினார். 1979இல் பிரிட்டனின் மருத்துவ ஆய்வாளர் ஆர்ச்சி காக்ரேன், மருத்துவத் துறைகளுள் அறிவியல் சான்றைப் பயன்படுத்துவதில் கடைசி இடம் மகப்பேற்றியலுக்கே என்று கடிந்திருந்தார். 1981இல் பிரசவக் கல்வியாளர் ஷீலா கிட்ஸிங்கர் தையலின் வலியைப் பற்றிப் பெண்கள் கூறியவற்றைத் திரட்டி வெளியிட்டார். தாய்மார் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டிருந்த வலி அதன்வழி பொதுவெளிக்கு வந்தது.

இச்சூழலில்தான் ரெடிங் நகரின் ராயல் பெர்க்‌ஷயர் மருத்துவமனையில் ஜெனிஃபர் ஸ்லீப் என்னும் மருத்துவச்சி முன்னின்று நடத்திய ஆய்வு 1984இல் வெளியாயிற்று. சிக்கலின்றிப் பிரசவிக்கவிருந்த 1000 பெண்கள், யார் எந்தப் பிரிவில் சேர்வது என்பதை எவருடைய விருப்பமும் தீர்மானிக்காதபடி, சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். பிரசவம் முடியும் தறுவாயில் மருத்துவச்சி ஓர் உறையைப் பிரிப்பார்; கத்தரிப்பதை இயன்றவரை தவிர்க்கவேண்டும் என்றோ, கிழியாமல் தடுக்க முயலவேண்டும் என்றோ அதில் குறிப்பு இருக்கும். தவிர்க்க முயன்ற பிரிவில் 10 விழுக்காட்டினருக்கும், மற்றதில் 51 விழுக்காட்டினருக்கும் கத்தரிக்கப்பட்டது. காயமே படாதவர்கள் முன்னதில் 34, பின்னதில் 24 விழுக்காட்டினர். குழந்தைகளின் நிலையில் வேறுபாடில்லை. பத்தாம் நாள் வலியும் ஏறக்குறைய ஒன்றே. மூன்றாண்டுகள் கழித்து விசாரித்தபோது சிறுநீர் கசிவிலும் வேறுபாடு காணப்படவில்லை. பிறப்புவாயின் முன்புறச் சிறு கீறல்கள் மட்டும் தவிர்த்த பிரிவில் கூடுதலாக இருந்தன. கத்தரித்தால் காக்கலாம் என்று தலைமுறைகளாக நம்பப்பட்டுவந்த எதையும் கத்தரிக்கோல் காக்கவில்லை.

அர்ஜென்டினாவில் 2606 பெண்களைக் கொண்டு நடந்து 1993இல் வெளியான ஆய்வும் இதையே உறுதிசெய்து, 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கத்தரிப்புக்கு நியாயமில்லை என்றது. இயல்பான பேற்றில் வழக்கமாகக் கத்தரிப்பதை 2018இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்க மறுத்தது. மழிப்பும் எனிமாவும் அவ்வாறே விலக்கப்பட்டன.

மருத்துவச்சிகள் தங்கள் சொந்தக் கைவழக்கங்களையும் அதே கண்டிப்போடு ஆராய்ந்தனர் என்பதே இவ்வரலாற்றில் மிக மதிக்கத்தக்கது. தையல் ஆறுவதற்காகக் குளிக்கும் நீரில் உப்பு கலப்பது பழைய பழக்கம்; ஸ்லீப்பும் உடனாய்வாளரும் 1800 தாய்மாரிடம் உப்பு, சாவ்லான் என்னும் கிருமிநாசினி, வெறும் நீர் ஆகியவற்றை ஒப்பிட்டு 1988இல் வெளியிட்ட ஆய்வில், புண் ஆறுவதில் மூன்றுக்கும் வேறுபாடில்லை என்று தெரிந்தது; குளித்ததால் பெரும்பாலோர்க்கு இதமாயிருந்தது. 1998இல் மருத்துவச்சி ரோனா மெக்கேண்ட்லிஷ் முதலானோர் 5471 பெண்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். குழந்தையின் தலையையும் சதையையும் கையால் அணைத்துத் தாங்குவதா, தொடாமல் கையை ஆயத்தமாக வைத்துக் காத்திருப்பதா என்பதே அதன் கேள்வி. கையால் தாங்கப்பட்டவர்களுள் 31.1 விழுக்காட்டினரும், தொடாது விடப்பட்டவர்களுள் 34.1 விழுக்காட்டினரும் பத்தாம் நாள் வலி இருந்ததாகக் கூறினர்.